தோள்சீலையும் சமரசமும்: தென் திருவிதாங்கூர் வரலாறு கற்பிக்கும் பாடம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருவழியில் சுசீந்திரத்தைக் கடந்து செல்வோர் கொட்டாரம் என்னும் ஊரை அடைவர். அவ்வூர்ப் பெயரின் பொருள் யாது எனக் கேட்டால், விடை கூறுபவரின் மொழிக்கேற்ப விடையும் மாறும். மலையாளம் அறிந்தவர்க்குக் கொட்டாரம் என்பது அரண்மனை. பழந்தமிழ்ச் சொற்களைப் பயின்றவர்க்கு அது நெற்களஞ்சியம். பல தலைமுறைகளாக மலையாள அரசின்கீழ்த் தமிழ் பேசி வாழ்ந்த நாஞ்சில் நாட்டில் இத்தகைய இரட்டைப் பொருள் வியப்புக்குரியதன்று. ஊர்ப்பெயருக்கு இரு பொருள் இருப்பதால் எவர்க்கும் தீங்கு விளைந்ததில்லை. ஆனால் இதே நிலப்பகுதியில், பெண்கள் தோளின்மேல் அணிந்த ஒரு முழத்துணிக்கு இருவேறு பொருள் இருந்த காரணத்தால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அமைதி குலைந்தது. அரசு பலமுறை ஆணை பிறப்பித்தது. ஒவ்வோர் ஆணையும் ஒரு சமரச ஏற்பாடாகவே வகுக்கப்பட்டது. எனினும் 1859ஆம் ஆண்டுவரை எந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை.

தோள்சீலைப் போராட்டம் என வழங்கும் இவ்வரலாற்றை நம் திருச்சபைகளில் பெரும்பாலும் வெற்றி வரலாறாகவே சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு சொல்வதில் உண்மையுண்டு. ஆயினும் அதனுள் வேறொரு வினாவும் அடங்கியுள்ளது. நல்லெண்ணம் கொண்ட அதிகாரிகளும், கற்றறிந்த திவானும், இறைப்பற்றுமிக்க மிஷனெரிமாரும் முயன்றும் ஒரு சிறு உடன்பாடு ஏன் இயலாமற்போயிற்று? அரசியலில் விட்டுக்கொடுத்தல் என்பது எப்போது கைகூடும், எப்போது கைகூடாது? ஊர்ப் பூசல்களில் நடுவராக அமரும்படி அடிக்கடி அழைக்கப்படும் ஆயர்களும், நாளை அப்பணியை ஏற்கவிருக்கும் இறையியல் மாணவர்களும் ஆய்ந்து பார்க்க வேண்டிய வினா இது.

1. பங்கிடக்கூடியதும் பங்கிட முடியாததும்

நாஞ்சில் நாடு வயல்களின் நாடு. ஆற்றுநீரையும் குளத்துநீரையும் முறைவைத்துப் பாய்ச்சுவது இங்குள்ள உழவர்க்குப் பழகிய செய்தி. மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் வழக்கு எழும். சில வேளைகளில் மண்வெட்டியும் தூக்கப்படும். ஆயினும் இறுதியில் நாழிகைக் கணக்கிலோ நாள் கணக்கிலோ நீர் பங்கிடப்பட்டு வழக்குத் தீர்ந்துவிடும். ஏனெனில் நீர் என்றால் என்ன, அது எதற்குப் பயன்படும் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு, எப்போது என்பதே வழக்கு. அளவில் வேறுபட்டோர் நடுவில் ஒரு புள்ளியைக் கண்டு அங்கே நிற்கலாம்.

உலகநோக்கு வேறுபடும்போது நிலைமை இவ்வாறன்று. அங்கு இரு தரப்பாரும் ஒரே பொருளைச் சுட்டிப் பேசுவதுபோலத் தோன்றினும், உண்மையில் வெவ்வேறு பொருளைப் பற்றியே பேசுகின்றனர். நடுப்புள்ளி காண்பதற்கு ஒரே கோட்டில் இரு முனைகள் வேண்டும். கோடே இரண்டாக இருக்கும்போது நடு எங்கே அமையும்? தென் திருவிதாங்கூரில் நிகழ்ந்தது இதுவே.

2. முதல் ஏற்பாடுகள்: 1806 முதல் 1829 வரை

கொட்டாரத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள மயிலாடி, தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையின் தொட்டில் ஆகும். அவ்வூரினரான மகராசன் தலயாத்திரையாகச் சிதம்பரம் சென்று, தஞ்சையில் நற்செய்தி கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். அவர் அழைப்பின் பயனாக இலண்டன் மிஷனைச் சார்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தினர். அவரைத் தொடர்ந்து நாடார் குலத்தார் பெருந்திரளாகச் சபையில் சேர்ந்தனர்.

அக்காலத் திருவிதாங்கூரில் ஆடை என்பது தனிமனிதர் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. உயர்ந்தோர்முன் மேலாடையை நீக்குவது மரியாதையின் அடையாளம். நாயர் பெண்டிர் நம்பூதிரியர் முன்னும் அரசர் முன்னும் தெய்வச் சந்நிதியிலும் மேலாடையைக் களைந்தனர்; அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்ட குலத்துப் பெண்களுக்கோ எல்லார் முன்னும் தோளும் மார்பும் திறந்திருத்தலே விதி. அவர்கள் மேலாடை அணிதல் குற்றமாகக் கருதப்பட்டது. நாடார் குலத்தார் குடைபிடித்தல், செருப்பணிதல், பொன்னகை பூணுதல் ஆகியவையும் தடைசெய்யப்பட்டிருந்தன.

1810 முதல் ரெசிடெண்டாகவும், 1811 முதல் 1814 வரை திவானாகவும் விளங்கிய கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான பெண்கள் ஏனைய நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களைப்போல் மார்பை மூடிக்கொள்ளலாம் என 1812இல் ஆணையிட்டார். இதனால் குல வேறுபாடே அழிந்துபோகும் என எதிர்ப்பு எழுந்தது. ஆகவே 1814இல் ஆணை திருத்தப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணியும் குப்பாயத்தைக் கிறிஸ்தவ நாடார் பெண்கள் அணியலாம். நாயர் பெண்களைப்போல் தோளின்மேல் சீலை இடலாகாது. இதுவே முதற் சமரசம்.

நடுநிலையாளர் எவரும் இதை நேர்மையான தீர்வென்றே கருதியிருப்பர். மார்பு மூடப்பட வேண்டும் என்றோர்க்குக் குப்பாயம் கிடைத்தது; குல அடையாளம் காக்கப்பட வேண்டும் என்றோர்க்குத் தோள்சீலை எஞ்சியது. மிஷனெரிமாரும் இதை ஏற்றனர். அவர்கள் மனைவியர் தக்கதொரு குப்பாயத்தைத் தைத்துக் கொடுத்தனர். ஏற்காதவர் யார் எனில், அதை அணிய வேண்டிய பெண்களே! அவர்கள் குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் இட்டுக்கொண்டு சந்தைக்கும் ஆலயத்திற்கும் சென்றனர்.

1822இல் கல்குளம் பகுதியில் பெண்கள் தாக்கப்பட்டு ஆடை கிழிக்கப்பட்டது. வழக்குப் பத்மநாபபுரம் நீதிமன்றம் சென்று, 1823இல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. மறுதரப்பு அடங்கவில்லை. 1827 முதல் 1829 வரை மீண்டும் கலகம் மூண்டது. 1829 பெப்ருவரி 3ஆம் நாள் இராணி கௌரி பார்வதி பாய் அரசாணை வெளியிட்டார். குப்பாயம் உண்டு, தோள்சீலை இல்லை என்று பழைய சமரசமே மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்க்கு ஊழிய வேலையிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு தரப்புக்கும் ஏதோ ஒன்று கிட்டியது.

3. மூன்றாம் கலகமும் 1859ஆம் ஆண்டு அரசாணையும்

முப்பது ஆண்டுகள் ஓரளவு அமைதி நிலவியது. அது உடன்பாட்டின் அமைதியன்று. பள்ளிகள் பெருகின; 1821 முதல் திருமதி மால்ட் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் தொழில் பெண்கள் கையில் சிறிது பொருளைச் சேர்த்தது. 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. பழைய ஒழுங்கின் தூண்கள் ஒவ்வொன்றாய் அசைவதை மேற்குலத்தார் கண்டனர்.

1858 நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியா மகாராணியாரின் பிரகடனம் வெளியாயிற்று. குடிகளின் சமய நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் அரசு தலையிடாது என அது உறுதி கூறியது. இந்த ஒரே பிரகடனத்தை இரு தரப்பாரும் தத்தமக்குரிய சாசனமாகப் படித்தனர். மேற்குலத்தார், பழைய ஆசாரங்களில் ஆங்கிலேயர் இனித் தலையிடார் என மகிழ்ந்தனர். கிறிஸ்தவர்கள், தம் சமயத்தின்பொருட்டு எவரும் இனித் துன்புறுத்தப்படார் என மகிழ்ந்தனர். ஆசாரம் சமயத்தின் பகுதி என்பது ஒரு நோக்கு. சமயம் என்பது மனச்சான்றின் உரிமை என்பது மற்றொரு நோக்கு. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

1858 அக்டோபரில் தொடங்கிய கலகம் தெற்கே பரவியது. டிசம்பர் 27ஆம் நாள் திவான் மாதவராவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். நாடார் குலத்தார் பழைய வழக்கத்தை மீறலாகாது. மேற்குலத்தார் சட்டத்தைத் தம் கையில் எடுக்கலாகாது. மாற்றம் விரும்புவோர் அரசிடம் முறையிடுக என்பது அதன் சாரம். கண்டிப்பு இரு பக்கமும் சமமாகப் பகிரப்பட்டது. ஆனால் அவ்வறிக்கைக்குப் பின் கலகம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. 1859 சனவரியில் கோட்டாறு முதலிய இடங்களில் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1858 அக்டோபருக்கும் 1859 பெப்ருவரிக்கும் இடையில் ஒன்பது ஜெபவீடுகளும் மூன்று பள்ளிகளும் எரிக்கப்பட்டன என மிஷனெரிமாரின் பதிவுகள் கூறுகின்றன.

மிஷனெரிமார் முதலில் மகாராஜாவிடமும், பின்னர்ச் சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியனிடமும் முறையிட்டனர். ஆளுநர் ரெசிடெண்ட் ஜெனரல் கல்லனுக்குக் கடுமையாக எழுதினார். மாதவராவ் புதியதொரு ஏற்பாட்டை முன்வைத்தார். அதன்படி 1859 சூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா அரசாணை பிறப்பித்தார். நாடார் பெண்கள், எச்சமயத்தினராயினும், குப்பாயம் அணியலாம். மீனவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியைச் சுற்றிக்கட்டலாம். வேறெந்த வகையிலேனும் மார்பை மூடிக்கொள்ளலாம். மேற்குலப் பெண்களின் முறையில் மட்டும் கூடாது என்றது அவ்வாணை. 1865இல் அயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் இவ்வுரிமை ஏனைய ஒடுக்கப்பட்ட குலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

4. ஒரு துணி, பல நோக்குகள்

இனி, இத்துணியை யார் யார் எவ்வாறு கண்டனர் என நோக்குவோம்.

அரண்மனைக்கும் மேற்குலத்தார்க்கும் தோள்சீலை உடலை மூடும் பொருளன்று. அது படிநிலையின் எழுத்து. தம்மினும் உயர்ந்தோர் முன்னிலையில் தம் பெண்டிரும் மேலாடை நீக்கினர் என்பதை மறத்தலாகாது. அவர்கள் நோக்கில் மேலாடை நீக்குதல் இழிவன்று, ஒழுங்கு. திருவிதாங்கூர் நாடே 1750இல் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைக்கப்பட்டது. அரசர் அத்தெய்வத்தின் தாசராக ஆண்டார். எனவே ஆசாரம் குலைந்தால் குலைவது ஒரு வழக்கம் மட்டுமன்று, அரசின் அடித்தளமே ஆகும். இதைப் பொறாமை என்றும் ஆணவம் என்றும் மட்டும் விளக்கிவிட்டால் நாம் வரலாற்றைப் புரிந்துகொண்டவர் ஆகோம்.

மிஷனெரிமார்க்கு அத்துணி நாணத்தைப் பற்றியது. ஆங்கில நாட்டு ஒழுக்க உணர்வோடு வந்த அவர்கள், மார்பு மூடப்பட்டதா இல்லையா என்றே பார்த்தனர். குப்பாயத்தால் அவர்கள் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆகவேதான் 1814ஆம் ஆண்டு ஏற்பாடு அவர்களுக்குப் போதுமானதாகத் தோன்றியது.

ஆங்கில அதிகாரிகளின் நோக்கு வேறு. மன்றோவுக்கும் கல்லனுக்கும் டிரெவெலியனுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தபோதிலும், 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் இந்நாட்டின் அமைதிக்கும் நற்பெயருக்கும் தாம் எவ்வளவு பொறுப்பு என்பதே அவர்களின் வினா.

அப்பெண்களுக்கோ தோள்சீலை மதிப்பைப் பற்றியது. நாணம் மட்டுமே அவர்கள் கருத்தாயின் குப்பாயம் போதுமாயிருந்திருக்கும். குப்பாயத்தை அணிந்தபின்னும் அதன்மேல் சீலையை இட்டனர் என்பதே, அவர்கள் கேட்டது வேறொன்று எனக் காட்டுகிறது. மேற்குலத்தார் அதைச் சரியாகவே புரிந்துகொண்டனர். தோள்சீலை மதிப்பின் அடையாளம் என்பதில் இவ்விரு சாராரும் ஒத்திருந்தனர்; அம்மதிப்பு யாருக்குரியது என்பதில்தான் எதிரெதிராக நின்றனர். நடுவில் நின்ற மிஷனெரியும் ரெசிடெண்டுமே வழக்கின் பொருளை அறியாமல் நடுவராயினர்.

இவ்வேட்கை கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்குக் கொட்டாரத்தை அடுத்த சுவாமித்தோப்பு சான்று. அங்கு வாழ்ந்த வைகுண்ட சுவாமிகள், 1809 முதல் 1851 வரை வாழ்ந்தவர், தம்மைப் பின்பற்றிய ஆடவரைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். குனிந்து நின்றோர் நிமிர்ந்து நிற்கும் வழியை அவர் வேறொரு நோக்கிலிருந்து காட்டினார். அதன்பொருட்டுச் சிறையும் சென்றார். அக்கால மிஷனெரி அறிக்கைகள் அவ்வியக்கத்தை நற்செய்திப் பணிக்குத் தடையாகவே கண்டன. ஒரே தாகத்தின் இரு வெளிப்பாடுகள் என உணரும் கண் அன்று நமக்கு இருக்கவில்லை.

5. சமரசம் ஏன் தோற்றது?

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று காரணங்களைப் பிரித்தறியலாம்.

முதலாவது, துணி பங்கிடப்பட்டது. வழக்கோ துணியைப் பற்றியதன்று. குப்பாயம் ஒருவர்க்கு, தோள்சீலை மற்றவர்க்கு என்னும் பங்கீடு, நீரைப் பங்கிடுவதுபோல் தோன்றியது. ஆனால் மதிப்பு அவ்வாறு பங்கிடப்படும் பொருளன்று. நீ மூடிக்கொள்ளலாம், ஆனால் அவளைப்போல் மூடலாகாது என்று ஒரு பெண்ணிடம் கூறும்போது, மார்பு மூடப்படுகிறது. தாழ்வு முன்னிலும் தெளிவாகப் பறைசாற்றப்படுகிறது. முன்பு வழக்கமாக மட்டும் இருந்த இழிவு இப்போது அரசாணையின் எழுத்தாகிறது.

இரண்டாவது, ஏற்பாட்டைச் செய்தோர் சந்தைத் தெருவில் நடக்க வேண்டியவர் அல்லர். 1812 முதல் 1859 வரை நிகழ்ந்த பேச்சுகளிலும் கடிதப் போக்குவரத்திலும் திவானும், ரெசிடெண்டும், ஆளுநரும், மிஷனெரிமாரும் பேசுகின்றனர். தோள்மேல் சீலையிட்ட பெண் ஒருத்தியும் கலந்தாலோசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கும் உரிமை விட்டுக்கொடுக்கப்படும் பொருளுக்கு உரியவர்க்கே உண்டு. பிறருடையதை விட்டுக்கொடுப்பது ஈகையாகாது.

மூன்றாவது, 1814ஆம் ஆண்டு ஏற்பாடு மதிப்பைச் சமயத்தோடு முடிச்சிட்டது. கிறிஸ்தவப் பெண்ணுக்குக் குப்பாயம் உண்டு. அதே குலத்தில், அதே தெருவில் வாழும் இந்துப் பெண்ணுக்கு இல்லை. மனிதர் என்னும் முறையில் எல்லார்க்கும் உரியது, ஒரு சமயத்தார்க்குரிய சலுகையாக மாறியது. இதனால் எதிர்த்தோர் சபையைக் குல ஒழுங்கின் பகைவராகக் கண்டனர். சபையும் தன் மக்களுக்குக் கிடைத்ததோடு நீண்ட நாள் மனநிறைவு கொண்டது. 1859ஆம் ஆண்டு ஆணையே அக்குலத்தின் எல்லாச் சமயப் பெண்களையும் ஒன்றாக நோக்கியது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இது உலகநோக்குகளின் மோதல்தானா? நிலவுடைமையாளர், கூலியின்றி வேலைவாங்கும் வசதியை இழக்க விரும்பாததன் விளைவு அல்லவா? பொருளாதார நலன் இதில் பெரும்பங்கு வகித்தது உண்மையே. ஊழிய வேலை, அடிமை ஒழிப்பு ஆகியவற்றை விலக்கி இவ்வரலாற்றை எழுத இயலாது. ஆயினும் நலன்கள் மட்டுமே மோதும் இடத்தில் விலை பேச இயலும். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தபோது, உரிமையாளர்க்கு இரண்டு கோடிப் பவுன் இழப்பீடு வழங்க இசைந்தது. அது நீதியா என்பது வேறு வினா; ஆனால் அவர்கள் நலனுக்கு ஒரு விலை குறிக்க முடிந்தது. தோள்சீலைக்கு என்ன இழப்பீடு குறிப்பது? ஒரு தரப்பார் அதை விற்கமாட்டார். மற்றத் தரப்பார் விலைக்கு வாங்கமாட்டார். விலை பேச இயலாத இடத்தில்தான் நாம் நலன்களின் எல்லையைக் கடந்து உலகநோக்கின் எல்லைக்குள் வந்திருக்கிறோம் என அறியலாம்.

6. பிற இடங்களின் சான்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறும் இதற்கு ஒப்புமை தருகிறது. அங்கு 1820இல் மிசூரி உடன்பாடு எட்டப்பட்டது. அடிமைமுறையுள்ள மாநிலம் ஒன்றும் அது இல்லாத மாநிலம் ஒன்றும் ஒருங்கே சேர்க்கப்பட்டு, மேற்கு நிலப்பரப்பில் ஓர் எல்லைக்கோடும் வரையப்பட்டது. வழக்கு மாநிலங்களின் எண்ணிக்கையைப் பற்றியது என இரு தரப்பாரும் கருதியவரை அக்கோடு நின்றது. மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளலாமா என்பதே வழக்கு எனத் தெளிவானபோது கோடு அழிந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. திருவிதாங்கூரில் ஜெபவீடுகள் எரிந்தது அப்போருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்.

நம் நாட்டிலேயே பிற்காலச் சான்று வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச்சு 30ஆம் நாள் தொடங்கிய சத்தியாக்கிரகம் 1925 நவம்பரில் முடிவுற்றது. மூன்று பக்கச் சாலைகள் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலை திறக்கப்படவில்லை. இதுவும் துணியைப் பங்கிட்டது போன்றதே. அதற்கடுத்த ஆண்டே, 1926இல், கொட்டாரத்திற்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1930இல் மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் சாலையோடு நில்லாமல் கோயிற் கதவையே திறந்தபின்னர்தான் அவ்வழக்கு அடங்கிற்று.

இவற்றால், சமரசமே பயனற்றது என முடிவு கட்டலாமா? கூடாது. 1829ஆம் ஆண்டு ஆணையையும் 1859ஆம் ஆண்டு ஆணையையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். முன்னது இதைத்தான் அணிய வேண்டும் என வரையறுத்தது. பின்னது எந்த வகையிலேனும் அணியலாம் எனத் திறந்துவிட்டு, ஒன்றை மட்டும் விலக்கியது. அவ்விலக்கு அநீதியே, டிரெவெலியன் எதிர்பார்த்ததும், மிஷனெரிமார் கேட்டதும் முழுவதும் கிட்டவில்லை. ஆனால் மேற்குலத்தாரின் முறை எது, அதுவல்லாத முறை எது என்பதை நாள்தோறும் சந்தையில் நின்று அளக்க எவராலும் இயலாது. வாசல் அரைகுறையாகத் திறந்தது. பெண்கள் அதன்வழியே முழுமையாக நடந்து சென்றனர். காலப்போக்கில் மேற்குலப் பெண்களும் இரவிக்கை அணியலாயினர். தோள்சீலை படிநிலையின் எழுத்தாக இருப்பது ஒழிந்தது. எழுத்து அழிந்தபின் விலக்கும் தானே அழிந்தது. மாதவராவைக் கோழை எனப் பழிப்போர் இதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர் ஏற்பாடு நீதியை நிறைவேற்றவில்லை. ஆனால் குருதி சிந்துவதைக் குறைத்து, நீதி வளர்வதற்குக் காலம் ஈந்தது.

ஆகவே, உலகநோக்குகள் மோதுமிடத்தில் உடன்பாடு தீர்வாக அமைவது அரிது. இடைக்கால அமைதியாக அமையலாம். அதைத் தீர்வு என்று பெயரிட்டு வழக்கை மூடிவிடுவதே பிழை.

7. திருச்சபைக்குரிய பாடம்

இவ்வரலாற்றில் நம் சபை நீதிபதியின் இருக்கையில் அமரத் தகுதியுடையதன்று. 1818இல் மீட் ஐயர் நாகர்கோவிலில் அரசின் நீதிபதியாகவும் சிறிது காலம் இருந்தார். இராணி அளித்த ஐயாயிரம் ரூபாயால் மிஷனுக்கு நெல்வயல் வாங்கப்பட்டது. அதிகாரத்தின் நிழலில் நின்றுகொண்டே நாம் அதிகாரத்தை எதிர்த்தோம். அதே மீட் ஐயர் 1852இல் இந்நாட்டுக் குலத்துப் பெண் ஒருவரை மணந்தபோது, உடனுழைத்த மிஷனெரிமாரின் எதிர்ப்புக்கு ஆளாகி மிஷனைவிட்டு விலக நேர்ந்தது. தோள்சீலைக்காகப் போராடியவர்க்குள்ளும் ஒரு படிநிலை மறைந்திருந்தது. சாம்பவராகிய வேதமாணிக்கத்தின் வழியாய்ப் பிறந்த சபையில், குலத்திற்கோர் இடம் ஒதுக்கி அமரும் வழக்கமும் திருமணத்தில் குலம் நோக்கும் வழக்கமும் எவ்வளவு நாள் நீடித்தன, இன்னும் நீடிக்கின்றன என்பதை வாசகர் தத்தம் சபைகளை நோக்கி அறிந்துகொள்ளலாம்.

வேதாகமத்தில் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் நன்று. உணவு பற்றிய வேறுபாட்டில், பலவீனமான சகோதரன்பொருட்டுத் தன் உரிமையை விட்டுக்கொடுக்குமாறு பவுல் ரோமர் நிருபத்தின் பதினாலாம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அதே பவுல், அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதைவிட்டு விலகியபோது, எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்து நின்றதைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. இரண்டும் உணவைப் பற்றியனவே. முன்னதில் விட்டுக்கொடுப்பவர் தம் உரிமையைத் தாமே விடுகிறார். பின்னதில் பிறரது மதிப்பு அவரைக் கேளாமலே பந்தியிலிருந்து நீக்கப்படுகிறது. விட்டுக்கொடுத்தலுக்கும் விட்டுவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1982இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது, இம்மாவட்டத்தார் சமயம் கடந்து அமைதிக்காக உழைக்க வேண்டியதாயிற்று. குன்றக்குடி அடிகளார் அதில் ஆற்றிய பணி நன்றியோடு நினைக்கத்தக்கது. அத்தகைய வேளை மீண்டும் வாராது என எவரும் உறுதி கூற இயலாது. ஆலயத்திற்கு இடம், ஊர்வலத்திற்கு வழி, ஒலிபெருக்கிக்கு நேரம் எனச் சிறியனவாய்த் தோன்றும் வழக்குகளில் ஆயர் நடுவராக அழைக்கப்படுகிறார். அப்போது அவர் மூன்று வினாக்களைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்வாராக. இரு தரப்பாரும் ஒரே பொருளைப் பற்றித்தான் வழக்காடுகின்றனரா? இழப்பை உண்மையில் சுமக்கப் போகிறவர் இந்த அறையில் இருக்கிறாரா? நாம் பங்கிட முனைவது நேரமும் வழியுமா, அல்லது ஒருவரின் மனித மதிப்பா?

நேரமும் வழியும் ஆயின், மனம் உவந்து விட்டுக்கொடுப்போம். நம் உரிமையையே முதலில் விடுவோம். மதிப்பே ஆயின், அதைப் பங்கிட நமக்கு அதிகாரமில்லை என்று பணிவோடு சொல்லி, எதிர்த்தரப்பாரின் நோக்கை உள்ளிருந்து கற்கத் தொடங்குவோம். எதிர்த்தரப்பார் அத்துணியில் எதைக் கண்டனர் என அறிய நம் முன்னோர் முயலவில்லை. அவர்களும் நம் பெண்கள் கண்டதை அறிய முயலவில்லை. அதைக் கற்பிக்க எந்த அரசாணையாலும் இயலவில்லை. அப்பணி அன்றும் திருச்சபைக்குரியதாகவே இருந்தது. இன்றும் அவ்வாறே உள்ளது.